மாஸ்க் போட்டாலும் கழற்றினாலும் பிள்ளைகளிடம் காரணம் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு, சின்னவன் ஏழாம் வகுப்பு. பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் நீங்கள் வெட்டிக்கொள்ளலாம், சொல்ல வந்த விஷயம் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் மாஸ்க் கட்டாயமில்லை என்று ஆன பிறகு, போட நினைக்கிற பிள்ளை போடட்டும், வேண்டாம் என்கிற பிள்ளை கழற்றட்டும். ஆனால் 'இன்னும் ஏன் போட்டிருக்கே' என்று வகுப்பு நடுவில் நிறுத்திவைத்துக் கேட்கிற வழக்கம் வேண்டாம்.

வெயில் காரணமாக இந்த வருஷம், 2023இல், பள்ளிக்கூடம் ஜூன் 12ஆம் தேதிதான் திறந்தது. அதே வாரம்தான் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் முடிந்தது. டீசலுக்கு அட்வான்ஸ், ஐஸுக்குச் சொல்லிவைப்பது, வலை பொத்துவது, சோறு கட்டுவது என்று வீடே அமளியாகக் கிடந்த ஒரு சாயங்காலம், பெரியவள் வந்து பையைப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் பின்கட்டுக்குப் போய்விட்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தம்பிதான் சொன்னான், அவனுக்கு பஸ்ஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் பாடம் வாசிக்கச் சொல்லி எழுப்பியிருக்கிறார்கள், இவள் மாஸ்க்கோடு வாசித்திருக்கிறாள், "கொரோனா போயி வருஷம் ஆச்சு, உனக்கு மட்டும் இன்னும் போகலையா, கழட்டு" என்றிருக்கிறார் டீச்சர். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அவள் கழற்றவில்லை, நின்றுகொண்டே இருந்திருக்கிறாள், பீரியட் முடிகிற வரைக்கும்.

அந்த டீச்சர் கெட்டவர் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மாஸ்க் விஷயத்தில் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். 2020 ஏப்ரலில் ஊரடங்கு போட்டு மூன்றாவது வாரம், எங்கள் மகளிர் குழுவுக்கு மாஸ்க் தைக்கிற வேலை வந்தது. தெரு முழுக்க வேலை இல்லாமல் கிடந்த நேரத்தில் எங்கள் எட்டுப் பேர் வீட்டில் உலை கொதித்தது அதனால்தான். வெட்டி வைத்த துணி மூட்டையாக வரும். மூன்று மடிப்பு வைக்க வேண்டும், மடிப்பின் வாய் வெளிப்பக்கம் கீழே பார்த்து இருக்க வேண்டும், மேலே பார்த்து வைத்தால் தூசியும் உப்பும் அதில் போய் உட்காரும். முதல் நாளே ஐம்பது மாஸ்க் தலைகீழாகத் தைத்துப் பிரித்தோம். எலாஸ்டிக் எங்கேயும் கிடைக்கவில்லை, கடையே திறக்கவில்லையே, பழைய லெகின்ஸைக் குறுக்காக விரற்கடை அகலத்துக்கு வெட்டி இழுத்தால் அது தானாகச் சுருண்டு நாடா மாதிரி ஆகும், அதை வைத்துத் தைத்தோம். மூக்கு மேல் படிவதற்கு ரொட்டிப் பாக்கெட் கட்டுகிற கம்பி. அந்த ஒன்றரை மாதத்தில் என் கையால் மட்டும் சில ஆயிரம் மாஸ்க் போயிருக்கும். எந்தத் துணி மூச்சை விடும், எது விடாது, ஈரமானால் எது மூக்கோடு ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு விரலுக்குத் தெரியும்.

அதனால் துணி மாஸ்க்கைப் பற்றிப் பெரிதாக ஏதும் அளக்கவும் மாட்டேன். இருமும்போதும் பேசும்போதும் வெளியே போகிற எச்சில் துளியில் ஒரு பகுதியை அது பிடிக்கும், அவ்வளவுதான், போட்டவரை விட எதிரே நிற்பவருக்குத்தான் அதனால் லாபம் அதிகம். என்95 என்று வருகிறதே, அது வேறு, கண்ணுக்குத் தெரியாத பொடியிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது நிறுத்தும், ஆனால் கன்னத்தில் இடைவெளி இல்லாமல் படிந்தால்தான், அதைத் துவைத்துப் போட்டால் இழையில் இருக்கிற மின் பிடிப்பு போய்விடும். எங்கள் ஊர் காற்றில் எந்தத் துணி மாஸ்க்கும் மத்தியானத்துக்குள் நனைந்துவிடும். நனைந்ததைப் போட்டுக்கொண்டிருப்பது மூச்சுக்கும் சிரமம், பிரயோஜனமும் குறைவு. போடுகிற பிள்ளை இரண்டு வைத்துக்கொள்ள வேண்டும், மதியம் மாற்ற வேண்டும். இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை, போடு போடு என்றுதான் சொன்னோம்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், பள்ளிக்கூடத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. 2022 மார்ச் 31ஆம் தேதியோடு மத்திய அரசு பேரிடர் சட்டத்தின் கீழ் இருந்த கட்டுப்பாடுகளை எடுத்தது, மாஸ்க் போடுவது நல்லது என்று மட்டும் சொன்னது. தமிழ்நாட்டிலும் அந்த ஏப்ரல் தொடக்கத்தில் கட்டுப்பாடு போனது, சென்னை ஐஐடியில் பிள்ளைகளுக்குத் தொற்று கிளம்பியதும் அதே ஏப்ரல் கடைசியில் 500 ரூபாய் அபராதம் திரும்ப வந்தது. 2023 மார்ச்சில் புதுச்சேரியில் ஃப்ளூ காய்ச்சலுக்காக எட்டாம் வகுப்பு வரைக்கும் பத்து நாள் லீவே விட்டார்கள். ஏப்ரல் 1 முதல் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் மாஸ்க் கட்டாயம் என்றார்கள். மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் உலக அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது, நோய் இல்லாமல் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. இப்படிப் போடு, கழற்று, திரும்பப் போடு என்று பெரியவர்களே மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்த மூன்று வருஷத்தில் பதின்மூன்று வயதிலிருந்து பதினாறு வயது ஆனவள் என் பெண். எட்டாம் வகுப்பு முடிகிற நேரம் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம் போனது 2021 பிப்ரவரி 8 முதல் மார்ச் வரைக்கும் ஆறு வாரம், மீதியெல்லாம் கல்வித் தொலைக்காட்சியும் அவள் அப்பாவின் போனும். பத்தாம் வகுப்பு செப்டம்பரில் ஆரம்பித்து, நடுவில் ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரி 1இல் திறந்து, மே மாதம் பரீட்சை. அவள் முகம் மாறின காலம் முழுக்க அவள் கூட்டாளிகள் அவள் கண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். அதை ஒரு காலையில் கழற்று என்றால் உடனே வருமா? வருகிற பிள்ளைக்கு வரும், வராத பிள்ளைக்கு நாள் எடுக்கும்.

சின்னவன் கதை வேறு. அவனுக்குக் கட்டாயமில்லை என்று சொன்ன அன்றைக்கே பாம்பன் பாலத்துக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்து மாஸ்க்கைக் கடலில் எறிந்துவிட்டு வந்தான், பெருமையாக வேறு சொன்னான். எறிந்ததற்கு இரண்டு போட்டேன், கழற்றினதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த நீல மாஸ்க் பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் அது பிளாஸ்டிக் இழை. இவன் அப்பா நண்டு வலையில் எத்தனை நீல மாஸ்க் எடுத்திருக்கிறார் தெரியுமா, நாடா காலில் சுற்றின நண்டு ஒரு தடவை வந்தது, கத்தி வைத்துத்தான் பிரிக்க முடிந்தது. இது மன்னார் வளைகுடா, 1986லேயே தேசியப் பூங்கா என்று அறிவித்த கடல், ஆமை வருகிற கடல். எறிகிறவர்கள் நாடாவையாவது வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

சரி, சின்னவனுக்கு வருகிறேன். அவன் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது மூடின பள்ளிக்கூடத்துக்கு ஐந்தாம் வகுப்பில், 2021 நவம்பர் 1ஆம் தேதி திரும்பிப் போனான். போனவன் பழம் என்பதைப் பளம் என்றும் மழை என்பதை மளை என்றும் எழுதினான், வாயிலும் அப்படியே வந்தது. தெருவிலேயே சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுக்கிற அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் எங்கள் தெருவுக்கு வந்த அக்கா, வேப்ப மரத்தடியில், காற்று நன்றாக வருகிற இடமாகப் பார்த்துப் பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, தன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கை மேலே மடித்துக் காட்டியது. "என் நாக்கைப் பாரு, உன் நாக்கையும் அப்படியே மடிச்சுக்க, இப்ப சொல்லு." நான் வாசலில் பட்டன் கட்டிக்கொண்டே பார்த்தேன். நாலாவது நாள் அவனுக்கு ழகரம் வந்தது. அவனுக்கு அது தாமதமானதற்கு மாஸ்க்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், இருபது மாதம் பள்ளிக்கூடமே இல்லையே. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவர் வாய் தெரிய வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அதனால் எல்லாரும் என்றைக்கும் மாஸ்க் போட வேண்டும் என்று கேட்கிற ஆள் நான் இல்லை.

அவன் வகுப்பில் காது மெஷின் வைத்திருக்கிற ஒரு பையன் இருக்கிறான். உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்வான். எல்லாரும் மாஸ்க் போட்டிருந்த வருஷம் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஊமைப் படமாகிவிட்டது. அவன் அம்மா என்னிடம் வந்து வாய் தெரிகிற மாதிரி மாஸ்க் தைக்க முடியுமா என்று கேட்டார். கெட்டியான பிளாஸ்டிக் கவரில் உள்ளங்கை அளவு வெட்டி, நடுவில் ஜன்னல் மாதிரி வைத்து, ஓரத்துக்குக் கிராஸ் பீஸ், அதாவது மூலைவாட்டில் வெட்டின துணிப் பட்டை, கொடுத்துத் தைத்தேன். போட்டுப் பேசின இரண்டாவது நிமிஷம் மூச்சு ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. துளி சோப்பை உள்பக்கம் தடவிக் காய்ந்த துணியால் துடைத்தோம், அப்புறம் ஒரு பீரியட் தாங்கியது. டீச்சருக்கு மூன்று தைத்துக் கொடுத்தேன், மாற்றி மாற்றிப் போட்டார். இன்றைக்கு அந்த வகுப்பில் டீச்சரும் பெரும்பாலான பிள்ளைகளும் மாஸ்க் போடுவதில்லை. அந்தப் பையன் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று வந்து பார்த்தால் தெரியும்.

தையல் கடைக்கு வருகிற பிள்ளைகள் நிறையப் பேசும். அளவு எடுக்கும்போது, ஊக்கு வைக்கும்போது, காத்திருக்கும்போது. இந்த ஜூனில் மட்டும் ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் சீருடைக்குப் பொருத்தமாக மாஸ்க் தைத்துக் கேட்டார்கள். காரணம் நான் கேட்கவில்லை, தானாகச் சொன்னவர்கள் சொன்னார்கள். பஸ்ஸில் பிதுங்கிக்கொண்டு வரவேண்டும், மூச்சுக்கு மூச்சு முகத்தில் படுகிறது என்றாள் ஒருத்தி. உள்ளே கடலாடி, சாயல்குடி பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற ஒருத்தி, வாரக் கடைசியில் ஊருக்குப் போனால் கருவேல மரத்தைக் கரிமூட்டம் போட்டிருப்பார்கள், புகை இரவெல்லாம் நிற்கும், எனக்கு இழுப்பு என்றாள். ஒருத்திக்குப் பல்லில் கம்பி. ஒருத்தி கடைசிவரை சொல்லவே இல்லை, ஆனால் அவள் வீட்டில் கருவாடு போடுகிறார்கள், விடியற்காலை நாலு மணிக்கு அவளும் மீன் கீறிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள், எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாடை விரலில் நிற்கும், முன் பெஞ்சில் எவளோ மூக்கைப் பொத்தியிருக்கிறாள் என்று எனக்கு வேறு வழியில் தெரியும். மாஸ்க் போட்டால் வாடை போகாது. ஆனால் மற்றவர்கள் மூக்கைப் பொத்தும்போது தன் முகம் என்ன ஆகிறது என்று யாருக்கும் தெரியாமல் இருக்கும் இல்லையா.

இன்னொரு வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் காசநோய், ஆறு மாத மருந்தில் இருக்கிறார், குணமாகி வருகிறார். அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மாஸ்க் போடுகிறது. நர்ஸம்மா அதற்கு அவசியமில்லை என்று சொல்லியும் மற்ற பிள்ளைகளை நினைத்து அதுவாகப் போடுகிறது. அதை வகுப்பு நடுவில் எழுப்பி ஏன் என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? உண்மையைச் சொன்னால் மறுநாளிலிருந்து அதன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பொய் சொன்னால், ஒரு நல்ல காரியம் செய்ததற்காக ஒரு பிள்ளையைப் பொய் சொல்லவைத்த பாவம் நமக்கு. டயாலிசிஸ் போகிற அப்பா, கேன்சர் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிற அம்மா, இப்படி ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடு இருக்கிறது. இதையெல்லாம் வெளியே சொல்லாமல் காப்பாற்றி வைத்திருப்பதும் அந்தப் பிள்ளைகள்தான்.

நம் கடற்கரையில் முகத்தை மூடுவது புதுசா என்ன? ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மணல் ஊசி மாதிரி குத்தும், துண்டால் முகத்தைச் சுற்றிக் கண் மட்டும் தெரிய நடந்து போவோம். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் வெள்ளை வெயிலுக்குச் சேலை முந்தானையை மூக்கு வரைக்கும் இழுத்துக் கட்டுகிறார்கள். பாசி எடுக்கக் கடலில் முங்குகிற அக்காமார் கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் துணி, விரலுக்குச் சுற்றின கந்தல் என்று போகிறார்கள். முண்டு மிளகாய் காயப்போட்டு அள்ளுகிற நாளில் மூக்கைக் கட்டாமல் யார் களத்துக்குப் போகிறார்கள்? இவர்களை நிறுத்தி ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வேலைக்குப் போகிற பெரிய பெண்ணுக்குத் தன் மூக்கும் வாயும் தன் இஷ்டம் என்றால், படிக்கப் போகிற சின்னப் பெண்ணுக்கும் அது உண்டுதானே.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்கவில்லை. டீச்சர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "அம்மா, அம்பது பிள்ளைங்க, மேலே ஃபேன் சத்தம், இவ வாசிக்கிறது ரெண்டாவது பெஞ்சுக்கே கேட்கலை. பப்ளிக் எக்ஸாம் வருஷம். வாய்விட்டு வாசிக்காத பிள்ளைக்கு அடுத்த வருஷம் காலேஜில யாரு சொல்லிக்கொடுப்பா?" என்றார். நியாயம்தான். நானே யோசிக்காத நியாயம். "அதை அப்படியே சொல்லியிருக்கலாமே டீச்சர், கொரோனா போகலையான்னு கேட்டது தான் அவளுக்குத் தாங்கலை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சிரிக்கவைக்கணும்னுதான் சொன்னேன், எல்லாரும் இப்படிச் சிரிப்பாங்கன்னு நினைக்கலை. இனிமே கேட்க மாட்டேன்" என்றார். வாசிக்கும்போது சத்தமாக வாசிக்க வேண்டும், முடிந்தால் ஜன்னல் ஓரம் நின்று இறக்கிவிட்டு வாசிக்கலாம், முடியாவிட்டால் டீச்சர் பக்கத்தில் வந்து கேட்டுக்கொள்வார் என்று பேசி முடித்தோம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இப்படி ஒரு ஐந்து நிமிஷம் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கிடைத்தால் போதும் என்றுதான் இந்தக் கடிதமே.

அன்றைக்கு ராத்திரி மகளிடம் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்தேன், நானும் ஏன் என்று கேட்கவில்லை. அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

2021 மே மாதம், புது அரசு வந்து ரேஷன் கடையில் கொரோனா நிவாரணம் முதல் தவணை 2000 ரூபாய் கொடுத்தார்கள் இல்லையா, அதை வாங்க நான் அவளைத்தான் அனுப்பினேன். எனக்கு ஒரு ஆர்டர் முடிக்க வேண்டியிருந்தது. டோக்கன் இருந்தும் கூட்டம், வெயில், மூச்சு முட்டியதாம், கொஞ்ச நேரம் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு நின்றிருக்கிறாள். பணத்தைக் கொண்டுவந்து தாத்தா கையில்தான் கொடுத்தாள், அவர்தான் எண்ணினார். ஒரு வாரத்தில் அவருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போன பத்தாவது நாள் முடிந்துவிட்டது, முகத்தை முழுசாகப் பார்க்கக்கூட விடவில்லை, அந்த நேரத்து முறை அது. இரண்டு வருஷமாக இந்தப் பிள்ளை அந்த ஒரு மணி நேரத்தை உள்ளே வைத்துக்கொண்டு நடந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை, அவள் அப்பாவிடம் சொல்லவே முடியாது, அது அவர் அப்பா.

நான் சொன்னேன், அந்த வாரம் நம் தெருவில் பாதி வீட்டில் காய்ச்சல், உனக்குக் காய்ச்சலே வரவில்லை, தாத்தா அதற்கு முந்தின நாள்தான் ஏலக் கூடத்துக்குப் போய்விட்டு வந்தார், எங்கிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, உன்னை அனுப்பினதே நான்தான் என்று. கேட்டாள், தலையை ஆட்டினாள், என் மடியில் படுத்துத் தூங்கினாள். காலையில் துவைத்துக் காயப்போட்ட மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. போடும் வரைக்கும் போடட்டும்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றாள்.

தலைமையாசிரியர்களுக்கு என் வேண்டுகோள், காலை பிரேயரில் ஒரு நாள் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், மாஸ்க் போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம், போட்டவரைக் கேலி செய்யக் கூடாது, போடாதவரைத் திட்டக் கூடாது, ஒருவர் மாஸ்க்கை இன்னொருவர் இழுக்கக் கூடாது என்று. இழுத்து விளையாடுவது நடக்கிறது, காதோரம் அறுந்து நாடா மாற்ற என்னிடம் வருகிறார்கள். இருமல், காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு மட்டும் இது பொருந்தாது, அது போடட்டும், முடிந்தால் இரண்டு நாள் வீட்டில் இருக்கட்டும். ஆனால் எப்படி இருக்கும்? ஒரு நாளும் லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கிறோம், அதற்காகவே காய்ச்சலோடு மாத்திரை போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும், என் சின்னவன் அதில் ஒருவன். அந்தப் பரிசை நிறுத்தினால் நூறு மாஸ்க்குக்குச் சமம்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், கடல் காற்று இருக்கும்போது எதற்குச் சாத்த வேண்டும். அப்புறம் கொரோனா நேரத்தில் வாசலில் வைத்த கைகழுவும் தொட்டிகள், காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற மாதிரி வைத்தார்களே, பல இடத்தில் காய்ந்துபோய்ப் பேப்பரும் மணலுமாகக் கிடக்கிறது. இந்தப் பக்கம் தண்ணீர் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும், குடம் சுமப்பவள்தான் நானும், ஆனாலும் கை கழுவ உப்புத் தண்ணீராவது விடலாம்.

கடைசியாக ஒன்று. காது கேட்காத பிள்ளை படிக்கிற வகுப்பில் பாடம் எடுக்கிற டீச்சரோ சாரோ, தன் உடம்புக்காகவோ வீட்டில் இருப்பவர்களுக்காகவோ மாஸ்க் போட்டே ஆக வேண்டியவராக இருந்தால், அந்த ஜன்னல் வைத்த மாதிரியைத் தைக்கிற முறை மேலே சொன்னதுதான்: உள்துணி மெல்லிய காட்டன், பிளாஸ்டிக் மூன்று விரல் உயரம், ஓரத்தில் ஊசியை நெருக்கமாக விடாதீர்கள், பிளாஸ்டிக் கிழிந்துவிடும், பெரிய தையலாகப் போடுங்கள், காலையில் ஒரு துளி சோப்பு. எந்த ஊர்த் தையல்காரரும் அரை மணி நேரத்தில் தைத்துவிடுவார். எங்கள் பக்கம் யாராவது துணி கொண்டுவந்தால் கூலி வாங்காமல் நான் தைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
மண்டபம் பக்கம், ராமநாதபுரம் மாவட்டம்.